யந்திரத் தொண்டை – 9: அப்பாவுக்கு டிராக் பாடிய மகன்

கம்ப்யூட்டர் போட்ட பாட்டுக்கு ஆசிரியர் யார் என்பதற்கு 1957-ஆம் வருடத்துக் காப்புரிமைச் சட்டம் என்ன பதில் சொல்கிறது? இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தது இதைத்தான். முன்கதை வேண்டுவோர் சென்ற இதழைப் புரட்டிக்கொள்ளலாம். மைக் செட் தம்பி, அவன் செல்போன், ஒரு மாரியம்மன் பாட்டு, அவ்வளவுதான். சட்டத்தைத் தேடிப் போன இடத்தில் டிராக் பாடகர்கள் கண்ணில் பட்டார்கள். அதற்குப் பிறகு வேறு எதிலும் மனம் ஓடவில்லை.

டிராக் பாடுவது பழைய வழக்கம். பெரிய பாடகர் ஊரில் இருக்க மாட்டார், அல்லது தொண்டை சரியிருக்காது. அதற்காகப் படப்பிடிப்பை நிறுத்த முடியுமா? வேறொருவரைக் கூப்பிட்டு மெட்டைப் பாடவைத்துப் பதிவு செய்துகொள்வார்கள். கதாநாயகன் அதற்கு வாயசைத்துவிட்டுப் போய்விடுவார். பிறகு பெரிய பாடகர் வந்து ஹெட்போனில் அதைக் கேட்பார். சங்கதி எங்கே விழுகிறது, மூச்சு எங்கே எடுப்பது என்று பிடித்துக்கொண்டு பாடுவார். முதலில் பாடியவரின் குரல் அழிந்துவிடும். கையில் ஒரு கவர் வரும், பெயர் எங்கும் வராது. அழிக்கப்படுவதற்கென்றே பாடும் வேலை.

1977-ல் வந்த ‘16 வயதினிலே’ படத்தில் கமல்ஹாசனுக்கு எஸ்.பி.பாலசுப்ரமணியம் பாடுவதாக இருந்ததாம். அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. மலேசியாவிலிருந்து வாய்ப்புத் தேடி வந்து சின்னச் சின்னதாகப் பாடிக்கொண்டிருந்த வாசுதேவனை இளையராஜா டிராக் பாடவைத்தார். நன்றாக வந்துவிட்டது, அதையே வைத்துக்கொண்டார்கள். சினிமாக்காரர்கள் பலமுறை சொல்லிக் கேட்ட கதை இது. எஸ்.ஜானகியோடு பாடிய ‘ஆட்டுக்குட்டி முட்டையிட்டு’தான் மலேசியா வாசுதேவனை ஊரறியச் செய்தது. அழிந்திருக்க வேண்டிய குரல் தப்பிப் பிழைத்து, ‘முரட்டுக் காளை’யில் ரஜினிக்கே ‘பொதுவாக எம்மனசு தங்கம்’ பாடும் அளவுக்குப் போயிற்று.

அவர் 2011 பிப்ரவரியில் மறைந்தார். 2024-ல் ரஜினியின் ‘வேட்டையன்’ படத்தில் அனிருத் இசையில் ‘மனசிலாயோ’ வந்தது. கேட்டவர்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது, அதே மலேசியா வாசுதேவன்! உண்மையில் ஒலிவாங்கியின் முன் நின்று பாடியவர் அவர் மகன் யுகேந்திரன். மகனின் பாட்டின் மேல் அப்பாவின் குரலை ஏற்றியது செயற்கை நுண்ணறிவு. டிராக் பாட வந்து நிலைத்த மனிதருக்கு, அவர் போய் 13 வருடம் கழித்து மகன் டிராக் பாடியிருக்கிறார்! இதைக் கோத்துப் பார்த்ததிலிருந்து எதிரில் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் சலித்துவிட்டார்கள். இனி நீங்கள்தான்.

இந்த வகைப் பாட்டில் யந்திரம் எதையும் பாடுவதில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மறைந்தவரின் பழைய பதிவுகளைக் கேட்டு அது கற்றுக்கொள்வது குரலின் நிறத்தை மட்டும். கரகரப்பு, மூக்கொலி, அடித்தொண்டையின் கனம் என்று அந்தத் தொண்டைக்கே உரிய சங்கதிகள். தாளத்தில் எங்கே இழுப்பது, எந்தச் சொல்லில் அழுத்துவது, எங்கே குழைவது, எல்லாம் கீழே பாடிய ஆள் கொடுத்தது. அவர் சுதி விலகினால் மேலே போர்த்தப்பட்ட குரலும் விலகும்.

கற்றுக்கொள்ளச் சுத்தமான குரல் வேண்டும். பழைய பதிவுகளில் வயலினும் தபேலாவும் குரலோடு ஒட்டிக்கிடக்கும், பிரித்தெடுப்பது பெரும்பாடு. இங்கே ஒரு கிளைக்கதை. ஏ.ஆர்.ரஹ்மான் ‘லால் சலாம்’ படத்தின் ‘திமிரி எழுடா’வில் மறைந்த பம்பா பாக்யாவையும் சாகுல் ஹமீதையும் பாடவைத்தாரே, அந்த சாகுல் ஹமீதின் புகழ்பெற்ற பாட்டு எது? 1993-ல் ‘திருடா திருடா’வில் வந்த ‘ராசாத்தி’. அதில் வாத்தியமே கிடையாது. அவர் குரல், சுற்றிலும் கோரஸ் குரல்கள், அவ்வளவுதான். ரஹ்மான் அன்று செய்தது அழகுக்காக. 30 வருடம் கழித்துக் குரலைக் கற்க வரும் யந்திரத்துக்கு இதைவிட நல்ல பாடம் எங்கே கிடைக்கும் என்று எனக்குத் தோன்றியது. அதைத்தான் பயன்படுத்தினார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பாட்டை இப்போது பழைய மாதிரி கேட்க முடிவதில்லை.

நம் கடத்தூர் பக்கத்துக் கூத்திலும் இந்த டிராக் சமாசாரம் உண்டு. வேஷக்காரர் ஒரு அடியை எடுத்துக் கொடுப்பார், பின்பாட்டுக்காரர்கள் வாங்கிப் பாடுவார்கள். விடியற்காலை மூன்று மணிக்கு அர்ச்சுனன் தொண்டை வற்றி நிற்கும்போது பாட்டை இழுத்துக்கொண்டு போவது மேளத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அந்த ஆட்கள்தான். காலையில் டீக்கடையில் பேச்சு என்னவோ “அர்ச்சுனன் என்னமாப் பாடுனான்!” என்பதுதான். ஆனால் பின்பாட்டுக்காரரின் முகமாவது ஊருக்குத் தெரியும்.

சரி, சட்டம். காப்புரிமைச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு பாடகர்களை நிகழ்த்துநர்கள் என்று வைத்து அவர்களுக்கு 50 வருட உரிமை தருகிறது. 2012 திருத்தத்தில் சேர்ந்த 38-பி, பாடியவர் இன்னார் என்று அடையாளம் காட்டக் கோரும் உரிமையையும், பாடியதைச் சிதைத்தால் தடுக்கும் உரிமையையும் தருகிறது. ‘மனசிலாயோ’வை அதில் வைத்துப் பாருங்கள். பாடியவர் யுகேந்திரன், எனவே உரிமையும் அவருக்கு. குரலின் நிறத்துக்கென்று சட்டத்தில் தனி இடமே கிடையாது. அதைக் கற்கக் கொடுத்த பழைய பதிவுகளோ பெரும்பாலும் ஏதாவது ஆடியோ கம்பெனியின் சொத்து. விளம்பரத்தில் எந்தப் பெயரைச் சொல்லிப் பாட்டை விற்றார்களோ, அந்த மனிதருக்கு இந்தக் கணக்கில் ஒரு வரிகூட இல்லை!

குடும்பம் இருக்கிறதே என்பீர்கள். ரஹ்மான் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவர் குடும்பத்தாரிடமும் அனுமதி வாங்கி, தக்க ஊதியமும் கொடுத்ததாக வெளிப்படையாகச் சொன்னார். ‘கீடா கோலா’ என்ற தெலுங்குப் படத்தில் எஸ்.பி.பி.யின் குரல் அனுமதி கேட்காமல் பயன்படுத்தப்பட்டதாகச் சொல்லி அவர் மகன் எஸ்.பி.சரண் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். ‘கோட்’ படத்தில் பவதாரிணியின் குரலைக் கொண்டுவந்தவர் தம்பி யுவன் சங்கர் ராஜாவே. அக்கா குணமாகி வந்து பாட வேண்டும் என்று எண்ணியிருந்த பாட்டு அது. அங்கே யாரிடம் போய் யார் அனுமதி கேட்பது?

ஆனால் வாரிசின் சம்மதம் இங்கே மரியாதையாக இருக்கும் அளவுக்குச் சட்டமாக இல்லை. ஜெயலலிதா வாழ்க்கைப் படமான ‘தலைவி’ வழக்கில், ஒருவர் சம்பாதித்த புகழ் அவரோடு முடிகிறது, வீடு நிலம்போல வாரிசுக்கு இறங்காது என்று 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. உயிரோடு இருக்கும் பாடகர் அரிஜித் சிங்கால் 2024 ஜூலையில் மும்பை உயர் நீதிமன்றத்துக்குப் போய்த் தன் குரலை நகலெடுக்கத் தடை வாங்க முடிந்தது. செத்தவருக்கு அந்தக் கதவு திறக்குமா என்பது சந்தேகம்தான். ரஹ்மான் செய்தது நல்ல முன்மாதிரி. ஆனால் முன்மாதிரியை மீறியவர் மேல் வழக்குப் போட முடியாதே!

என் கவலை இப்போது கீழே பாடியவர் பக்கம் போய்விட்டது. சட்டத்தில் நிகழ்த்துநர் யார் என்று விளக்கும் இடத்தில் ஒரு விலக்கு இருக்கிறது. சினிமாவில் போகிறபோக்கில் தலைகாட்டிவிட்டு, தொழில் வழக்கப்படி பெயர் போடப்படாமல் போகிறவரை நிகழ்த்துநராக எண்ண வேண்டாம், சிதைவைத் தடுக்கும் உரிமை மட்டும் போதும் என்கிறது. கூட்டத்தில் ஒருவராக நிற்பவர்களை நினைத்து எழுதியது என்றுதான் தோன்றுகிறது. பாட்டு முழுக்கப் பாடியவரைப் போகிறபோக்கில் வந்தவர் என்று எந்த நீதிபதியும் ஒப்புக்கொள்ள மாட்டார் என்றே நம்புகிறேன். இருந்தாலும் டிராக் பாடியவர் பெயரைப் போடாததுதான் தொழில் வழக்கம் என்று ஒரு கெட்டிக்கார வக்கீல் ஆரம்பிக்க அந்த வரி இடம் கொடுக்கிறது.

‘மனசிலாயோ’வின் பாடகர் பட்டியலில் அப்பா பெயரோடு யுகேந்திரன் பெயரும் இருக்கிறது. மகன் என்பதால் போட்டார்களா, பாடினார் என்பதால் போட்டார்களா? மகனாக இல்லாத ஒருவர் இதே வேலையைச் செய்து, அவர் பெயரும் வரும் அன்றைக்குத்தான் இதற்குப் பதில் தெரியும்.

கம்ப்யூட்டர் போட்ட பாட்டுக்கு ஆசிரியர் யார் என்று சொல்லும் 2-(டி)-(6) பிரிவுக்கு இடமில்லை. அடுத்த வாரம், கட்டாயம்.