சேமநிதி கடல் தாண்டும், டயாலிசிஸ் தாண்டுமா?

"ஓய்வுக்காலத்தை வெளிநாட்டில் கழிப்போமா?" இதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. கூடவே போர்ட்டிக்சன் கடற்கரைப் படம் ஒன்றும் வந்தது. படம் பொருத்தமானதுதான். 'மலேசியா எனது இரண்டாவது இல்லம்' திட்டம் 2002-ல் வந்ததிலிருந்து, ஓய்வுபெற்ற வெளிநாட்டுக்காரர்கள் தேடி வரும் கரைகளில் அதுவும் ஒன்று. அப்படி வருகிறவர்களிடம் அரசாங்கம் வங்கி வைப்புத்தொகையைக் கேட்கிறது, மருத்துவக் காப்புறுதியையும் கேட்கிறது. வயதானவர் வந்தால் நோயும் பின்னாலேயே வரும் என்று அதற்குத் தெரியும்.

அதே மாவட்டத்தில், லுக்குட்டைத் தாண்டி இருக்கிற சுவாவில் கனவு எதிர்த்திசையில் போகிறது. சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பால்மரம் சீவியவர்களும் பிறகு செம்பனைக் குலை வெட்டியவர்களும் இப்போது எழுபதை ஒட்டி இருக்கிறார்கள். தோட்டத்து வீடு வேலை இருக்கும் வரைதான். வேலை முடிந்தால் சாவியைக் கொடுக்க வேண்டும். சேமநிதிப் பணம் கைக்கு வரும் நேரமும் தலைக்கு மேலிருந்த கூரை போகும் நேரமும் ஒன்றாகவே வந்து சேரும். அப்போதுதான் முசிறி, துறையூர், நாமக்கல் பக்கத்துத் தாத்தா ஊர் நினைவுக்கு வரும். விமான நிலையம் பக்கத்திலேயே சிப்பாங்கில் இருக்கிறது, ஏறினால் நாலு மணி நேரத்தில் திருச்சி.

இந்தத் திரும்பல் புதிதல்ல. 1907-ல் தொடங்கிய குடியேற்ற நிதி, தோட்டத்துக்கு ஆள் கொண்டுவரவும், வேலை செய்ய முடியாமல் போனவர்களைத் திருப்பி அனுப்பவும் பயன்பட்டது. 1969-ல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது சுமார் 60,000 தோட்டத் தொழிலாளர்கள் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். 'ரஜுலா' கப்பலில் போனவர்களின் கதைகளை எல்லாக் குடும்பமும் வைத்திருக்கிறது. அவர்கள் துரத்தப்பட்டுப் போனார்கள். இப்போது போக நினைப்பவர்கள் ஆசைப்பட்டுப் போகிறார்கள். அதனாலேயே கணக்குப் பார்க்காமல் போகிறார்கள் என்பது என் கவலை.

முதலில் பணம். 55 வயதில் குறைந்தது 2,40,000 வெள்ளி இருக்கட்டும் என்று சேமநிதி வாரியம் பல ஆண்டுகள் சொல்லிவந்தது. மாதம் 1,000 வெள்ளி வீதம் இருபது வருடத்துக்கு அது போதும் என்பது கணக்கு. தோட்டத்தில் சீவியவர்களில் எத்தனை பேரால் அந்தத் தொகையைத் தொட முடியும்? மாதம் 1,000 வெள்ளி சம்பளம் என்றே வைத்துக்கொண்டாலும், முதலாளி பங்கும் தொழிலாளி பங்கும் சேர்ந்து 24 விழுக்காடு. மாதம் 240 வெள்ளி, முப்பது வருடத்தில் 86,400, அதற்கு மேல் லாப ஈவு. முன்பு சம்பளமும் குறைவு, பங்கும் குறைவு. போதாக்குறைக்கு, 2020 முதல் 2022 வரை கோவிட் காலச் சிறப்பு அனுமதியில் நாடு முழுக்க 14,500 கோடி வெள்ளியைப் பிய்த்து எடுத்தாகிவிட்டது.

முழுப் பணத்தையும் எடுக்கக் குடியுரிமையை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று சிலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். வயது ஆகிவிட்டால் அதற்கு அவசியமே இல்லை. 55-க்கு முன்னால் அவசரப்படுகிறவர்களுக்குத்தான் அந்த வழி. நீல ஐ.சி.யைக் கொடுத்துவிட்டு வாங்குகிற பணம், பின்னால் மிக விலை கூடின பணமாகிவிடும்.

இனி என்னைத் தூங்கவிடாத விஷயத்துக்கு வருகிறேன்.

சுவாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பெரியவர் ஒருவர் தன் மருந்துப் பையைப் பிரித்துக் காட்டினார். சின்னச் சின்ன பிளாஸ்டிக் உறைகள், ஒவ்வொன்றிலும் மலாயில் அச்சடித்த ஒட்டுச்சீட்டு: சாப்பிட்ட பின் ஒரு நாளைக்கு இரண்டு முறை. மெட்ஃபார்மின், அம்லோடிபைன், கொழுப்புக்கு ஒரு மாத்திரை. உறைகளின் ஓரத்தில் மகள் பேனாவால் தமிழில் 'சீனி', 'பிரஷர்' என்று எழுதியிருந்தாள். "இதெல்லாம் ஒத்த வெள்ளி தம்பி. டாக்டர பாக்கறதும் அதுலயே. ஊர்ல என்ன கேப்பான்?" என்றார். பக்கத்தில் இருந்தவர், "ஊர்ல மருந்து மலிவு ஐயா" என்றார். மலிவுதான், மாத்திரையோடு நிற்கும் வரைக்கும்.

மாத்திரையோடு நிற்குமா? 2019-ல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. மற்ற இரண்டு பெரிய இனங்களிலும் இவ்வளவு இல்லை. இந்நாட்டில் புதிதாக டயாலிசிஸுக்கு வருகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோரின் சிறுநீரகத்தைக் கெடுத்தது இதே சீனிதான். வாரம் மூன்று தடவை, தடவைக்கு நாலு மணி நேரம், மாற்றுச் சிறுநீரகம் கிடைக்காவிட்டால் ஆயுள் முழுக்க. இங்கே அரசாங்க ஆஸ்பத்திரி இருக்கிறது, தொண்டு அமைப்புகளின் மையங்கள் இருக்கின்றன, தகுதி உள்ள சந்தாதாரருக்கு சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ செலவைக் கட்டுகிறது. இடம் கிடைக்க அலைய வேண்டும்தான். கிடைத்தபின் பில்லைப் பார்த்து மயக்கம் வராது.

தமிழ்நாட்டில்? முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு ரேஷன் அட்டை வேண்டும், வருமானச் சான்று வேண்டும். 70 வயது கடந்தவர்களுக்கு 2024-ல் விரிவாக்கிய மத்திய அரசின் ஐந்து லட்ச ரூபாய்க் காப்பீடு இந்தியக் குடிமக்களுக்கானது. நம்மவர் கையில் இருக்கப்போவது ஓ.சி.ஐ. அட்டை. அது ஆயுள்கால விசா மாதிரி, குடியுரிமை கிடையாது. தனியார் காப்பீடு எடுக்கலாம், 2024-லிருந்து அங்கே வயது வரம்பும் கிடையாது. ஆனால் ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருக்கச் சொல்லலாம், அறுபத்தெட்டு வயது நீரிழிவுக்காரரிடம் கேட்கும் பிரீமியமும் லேசாக இருக்காது. ஓய்வூதியம், காப்புறுதி உரிமைகளை இரு பக்கமும் மதிக்கும்படி இந்தியா ஜெர்மனியோடும் பிரான்சோடும் ஜப்பானோடும் ஒப்பந்தம் செய்திருக்கிறது. மலேசியாவோடு இல்லை.

ஒரு தடவை டயாலிசிஸுக்கு 1,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் பதின்மூன்று தடவை, 19,500 ரூபாய். வெள்ளிக்கு இருபது ரூபாய் என்றால் 975 வெள்ளி. சேமநிதி சொன்ன மாதம் 1,000 வெள்ளியில் மீதம் இருபத்தைந்து. ஊசி, ரத்தப் பரிசோதனை, ஆட்டோ வாடகை எதுவும் இதில் சேரவில்லை.

நிலம் பற்றியும் ஒரு வார்த்தை. ஓ.சி.ஐ. அட்டைக்காரர் இந்தியாவில் வீடு வாங்கலாம். விவசாய நிலம், தோட்ட நிலம், பண்ணை வீடு வாங்கக் கூடாது. ஆயுள் முழுக்கத் தோட்டத்தில் வேலை செய்தவருக்கு இதைவிடக் குசும்பான சட்டம் இருக்க முடியாது. அதனால் பங்காளி பேரில் ரெண்டு ஏக்கர் வாங்குகிறார்கள். அவசரத்துக்கு விற்க வேண்டி வந்தால் கையெழுத்து பங்காளியுடையது.

போய்ச் சந்தோஷமாக இருப்பவர்களும் உண்டு. செலவு குறைவு, கோயில் பக்கம், உறவு பக்கம் என்று அவர்கள் சொல்வதை மறுக்கவில்லை. உடம்பு ஒத்துழைத்தவர்கள் அவர்கள்.

கணவருக்குக் குடிமகனுக்கான நீல அட்டை, மனைவிக்கு நிரந்தரவாசிக்கான சிவப்பு அட்டை என்று இருக்கும் வீடுகளில் சிக்கல் இன்னும் மோசம். 2018-ல் அறுபது கடந்த சிவப்பு அட்டை இந்தியர்களுக்குக் குடியுரிமை என்று அறிவிப்பு வந்தும், பத்திரம் சரியில்லாமல் விடுபட்டவர்கள் இருக்கிறார்கள். எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் இல்லாதவர் ஓ.சி.ஐ.க்கு எதைக் காட்டுவார்? ஆதரவற்ற முதியோருக்கு இங்கே சமூக நலத்துறை கொடுக்கும் மாத உதவித்தொகையும் இங்கே வசிப்பவர்களுக்குத்தான்.

எனவே என் யோசனை மலிவானது. சொந்த வீடு இருந்தால் அதை விற்காமல் ஆறு மாதம் போய் இருந்து பாருங்கள். போவதற்கு முன் கிளினிக்கில் ரத்தப் பரிசோதனைத் தாளைக் கேட்டு வாங்கி, அதில் ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற எண்ணைப் பாருங்கள். மூன்று மாதத்துக்கு மேல் அறுபதுக்குக் கீழேயே இருந்தால் சிறுநீரகம் தேய ஆரம்பித்துவிட்டது என்று பொருள். பதினைந்துக்குக் கீழே என்றால் டயாலிசிஸ் பேச்சுத்தான். சாப்பாட்டுக் கடைப் பெரியவருக்கு 52. தைப்பூசம் முடிந்து துறையூருக்குப் போகிறார், டிக்கெட் போக வர இரண்டுக்கும் சேர்த்துப் போட்டாகிவிட்டது.