மீட்டாத தந்தியின் ஒலி

பேஸ் கிட்டாரின் நான்கு தந்திகளில் மிகத் தடித்தது ஈ. அதை ஐந்தாம் ஃப்ரெட்டில் அழுத்தி ஒரு முறை மீட்டுங்கள். ஒரு நொடி கழித்து அந்தத் தந்தியை மட்டும் பிடித்து நிறுத்துங்கள். ஒலி முழுதாக அடங்காது. யாரும் தொடாமல் பக்கத்தில் இருந்த ஏ தந்தி அதே சுரத்தை மெல்ல முனகிக்கொண்டிருக்கும். ஐந்தாம் ஃப்ரெட்டில் ஈ தந்தியின் அதிர்வெண் 55 ஹெர்ட்ஸ். ஏ தந்தி திறந்த நிலையில் அதிர்வதும் அதே 55 ஹெர்ட்ஸில்தான். பிரிட்ஜும் கழுத்தும் ஒன்றின் அதிர்வை மற்றொன்றுக்குக் கடத்துகின்றன. பள்ளிப் பாடநூலில் படித்த ஒத்ததிர்வு இதுதான். இப்படித் தானே ஒலிக்கும் தந்திகளை அடக்குவதை மியூட்டிங் என்கிறார்கள். புதிதாகக் கற்பவர்கள் அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவிடுவதுண்டு. முதல் நாளிலிருந்தே அது பாடமாக வேண்டும் என்பதற்கு இயற்பியலும் நம் செவியின் அமைப்பும் சான்று தருகின்றன.

ஒரு தந்தி மற்றொன்றை எழுப்புவதற்கான காரணத்தை 1638-இல் வெளிவந்த தம் நூலில் கலிலியோ விளக்கினார். கனத்த மணியைக்கூட, சரியான தருணத்தில் திரும்பத் திரும்ப இழுத்தால், ஒரே ஆள் ஆட்டிவிடலாம். தந்திக்கு வந்து சேரும் சிறு சிறு அதிர்வுகளும் அப்படியே கூடிப் பெருகுகின்றன. ஆக்ஸ்ஃபோர்டில் வில்லியம் நோபிள், தாமஸ் பிகாட் ஆகிய இருவர் தந்திகளின் மீது காகிதத் துண்டுகளை வைத்து இதைக் கண்ணால் பார்க்கும்படி செய்தார்கள். ஜான் வாலிஸ் அதை 1677-இல் உலகுக்கு அறிவித்தார். ஒரு தந்தி அதைவிட ஒரு ஸ்தாயி மேலுள்ள சுரத்தால் எழுப்பப்பட்டால், இரு பாதிகளாகப் பிரிந்து அதிர்கிறது. நடுவில் வைத்த காகிதம் அசையாது. மற்ற இடங்களில் வைத்தது துள்ளும். அசையாத அந்தப் புள்ளிக்குக் கணு என்று பெயர். மியூட்டிங் பழகுபவர் மறக்கக் கூடாத சொல் அது.

எல்லாத் தந்தி வாத்தியங்களிலும் நடப்பதுதானே, பேஸில் மட்டும் ஏன் இத்தனை கண்டிப்பு என்று கேட்கலாம். முதல் காரணம் கருவியின் உடல். உள்ளீடற்ற மரப்பெட்டி தந்தியின் ஆற்றலை வாங்கிக் காற்றில் கரைத்துவிடும். மின் பேஸின் கெட்டியான கட்டை அவ்வளவாக வாங்குவதில்லை. கனமான தந்தி நெடுநேரம் அதிர்கிறது, ஆம்ப்ளிஃபையர் அதைப் பெருக்குகிறது. இரண்டாவது காரணம் செவி. 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே, ஏறத்தாழ 100 ஹெர்ட்ஸ் இடைவெளிக்குள் வரும் இரு சுரங்களை உட்செவி தெளிவாகப் பிரித்தறிவதில்லை. அப்படி நெருங்கும் சுரங்கள் கரகரப்பாகக் கேட்கும் என்று ஆய்வாளர்கள் பிளாம்ப்பும் லெவெல்ட்டும் 1965-இல் காட்டினார்கள். பேஸின் திறந்த தந்திகள் 41-இலிருந்து 98 ஹெர்ட்ஸ் வரை; நான்கின் அடிப்படைச் சுரங்களும் அந்த ஒரே இடைவெளிக்குள் அடங்கிவிடுகின்றன. ஈயும் ஏயும் மூன்று ஸ்தாயி மேலே, 330, 440 ஹெர்ட்ஸில் சேர்ந்தால் இனிக்கும். கீழே, 14 ஹெர்ட்ஸ் இடைவெளியில், உறுமும்.

அடக்கும் வழியும் இதே இயற்பியலிலிருந்து பிறக்கிறது. மீட்டிய விரலைக் காற்றில் தூக்காமல், அடுத்த தடித்த தந்தியில் சாய்ந்து நிற்க விட்டால் அந்தத் தந்தி அடங்கும். கட்டைவிரலை பிக்கப்பின் மீதே ஊன்றி வைக்காமல் மெல்லிய தந்திகளுக்குப் போகும்போது கூடவே நகர்த்தினால், மேலே விட்டுவந்த தடித்த தந்திகளை அது பார்த்துக்கொள்ளும். மெல்லிய தந்திகள் ஃப்ரெட்டை அழுத்தும் கையின் பொறுப்பு: விரலைச் சற்றுச் சாய்த்துப் படுக்க வைத்தால் போதும். ஆனால் ஒரே விரலால் 5, 7 அல்லது 12-ஆம் ஃப்ரெட்டுக்கு நேர்மேலே தொட்டால் ஒலி அடங்காமல் மேற்சுரம் கணீரென்று எழும், அவை கணுக்கள். இரு விரல்கள் இரு இடங்களில் தொட்டால் அந்தத் தொல்லை இல்லை.

பிரிட்ஜருகே ஸ்பாஞ்ச் வைத்தால் இத்தனை பாடு எதற்கு என்பார்கள். 1951-இல் லியோ ஃபெண்டர் கொண்டுவந்த பிரசிஷன் பேஸிலேயே தந்திகளை அழுத்தும் மென்துண்டு இருந்தது உண்மை. அது தரும் மொத்தென்ற நாதமும் அழகுதான். ஆனால் ஸ்பாஞ்ச் எந்தத் தந்தி வேண்டும், எது வேண்டாம் என்று பார்ப்பதில்லை. மீட்டிய தந்தியையும் சேர்த்தே சுருக்குகிறது. சிதாரில் ஒத்ததிர்வுக்கென்றே தரப் தந்திகள் உள்ளனவே என்பதும் நியாயமான கேள்வி. அவை மெல்லியவை, ராகத்தின் சுரங்களுக்கேற்ப ஒவ்வொன்றாகச் சுதி சேர்க்கப்பட்டவை. பேஸின் திறந்த தந்திகளோ எந்தப் பாட்டுக்கும் அதே நான்கு சுரங்கள்.

கனமான மறுப்பு ஒன்று உண்டு: சுரங்களையே தேடித் தடுமாறும் புதியவர் மீது இன்னொரு சுமையை ஏற்றலாமா? தனிப் பாடமாக வைத்தால் அது சுமைதான். ஆனால் சாய்ந்து நிற்கும் விரலும் நகரும் கட்டைவிரலும் மீட்டும் அசைவுக்குள்ளேயே அடங்குபவை. விரலைக் காற்றில் தூக்கி மீட்டக் கற்று, அது கையில் ஊறிய பிறகு மாற்றுவதே இருமடங்கு உழைப்பு. இன்னொன்றும் கிடைக்கிறது. அழுத்திய விரலைத் தந்தியிலிருந்து எடுக்காமல் பிடியை மட்டும் தளர்த்தப் பழகியவர், ஒரு சுரம் எங்கே முடிய வேண்டும் என்பதையும் தாமே தீர்மானிக்கிறார். டிரம்ஸின் இரண்டு அடிகளுக்கு நடுவே பேஸ் விடும் இடைவெளியில்தான் தாளத்தின் துள்ளல் இருக்கிறது. அங்கே ஏ தந்தி முனகிக்கொண்டிருந்தால் அந்த இடைவெளியே இல்லாமல் போகும். அதனால் தினப் பயிற்சியை ஒரு சுரத்தை மீட்டி நிறுத்துவதில் தொடங்கலாம். அடுத்ததற்குப் போகுமுன், நிறுத்திய பின் ஸ்பீக்கரில் என்ன மிஞ்சுகிறது என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும்.