மதுரை அரியணைக்காக மோதிய இரு பேரரசுகள்

இங்கிலாந்தின் வரலாற்றைப் படிக்கும் மாணவர் எவரும் 1066 என்னும் ஆண்டை மறப்பதில்லை. அவ்வாண்டு தைத் திங்களில் எட்வேர்ட் மன்னன் பிள்ளைப்பேறின்றி இறந்தான். வெறுமையான அரியணைக்கு மூவர் உரிமை கோரினர். உள்நாட்டுப் பிரபுவான ஹரல்ட் முடி சூடிக்கொண்டான். நோர்வே அரசன் வடக்கே படையுடன் வந்திறங்கினான். நோர்மண்டிக் கோமகன் வில்லியம் தெற்கே கடல் கடந்து வந்து, கரையிலேயே கோட்டை கட்டிக்கொண்டு, ஒக்டோபர் 14ஆம் நாள் ஹேஸ்டிங்ஸ் களத்தில் ஹரல்டை வீழ்த்தினான்.

ஜிந்துப்பிட்டியில் என்னிடம் வரலாறு கேட்க வரும் மாணவர்களுக்கு இதனை ஒரு மாலை விளக்கிக்கொண்டிருந்தேன். அவர்களுள் ஒருவன், "ஐயா, அயல் நாட்டு அரியணைக்காக நம்மவர்கள் இப்படிக் கடல் கடந்து போரிட்டதுண்டா?" என்று வினவினான். நல்ல வினா. அதற்குரிய விடை நம் வீட்டு வாசலிலேயே இருக்கின்றது. ஆயினும் பாடநூல்களில் அது ஓரிரு வரிகளுடன் முடிந்துவிடுகின்றது.

கி.பி. பன்னிரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி. பொலன்னறுவையில் முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) பெரும் புகழுடன் ஆட்சி செலுத்திய காலம். சோழ நாட்டில் இரண்டாம் இராசாதிராசன் ஆண்டுகொண்டிருந்தான். இவ்விரு வல்லரசுகளுக்கும் நடுவே பாண்டிய நாடு தாயாதிச் சண்டையால் பிளவுண்டு கிடந்தது. மதுரையிலிருந்த பராக்கிரம பாண்டியனைக் குலசேகர பாண்டியன் முற்றுகையிட்டான். முற்றுகைக்குள் அகப்பட்ட மன்னன் ஈழத்துக்குத் தூதனுப்பி உதவி வேண்டினான்.

பராக்கிரமபாகு தன் தளபதி இலங்காபுரனைப் படையுடன் அனுப்பினான். ஆனால் அப்படை புறப்படும் முன்னரே மதுரை வீழ்ந்துவிட்டது. பராக்கிரம பாண்டியனும் அவன் மனைவி மக்களும் கொல்லப்பட்டனர். வீரபாண்டியன் என்னும் மைந்தன் ஒருவன் மட்டும் உயிர் தப்பினான். "உதவி கேட்டவன் இறந்துவிட்டான், இனி நமக்கு அங்கே என்ன வேலை?" என்று சிங்கள மன்னன் வாளாவிருக்கவில்லை. மதுரையைக் கைப்பற்றி இறந்தவன் மகனுக்குக் கொடுக்கும்படி கட்டளையிட்டான்.

இலங்காபுரன் இராமேசுவரத்தைக் கைப்பற்றினான். அதனை அடுத்த குந்துகால் என்னுமிடத்தில் அரண் ஒன்று அமைத்து, அதற்குத் தன் அரசன் பெயரால் பராக்கிரமபுரம் எனப் பெயர் சூட்டினான். (1897ஆம் ஆண்டில் சுவாமி விவேகானந்தர் மேல்நாட்டிலிருந்து திரும்பிய வேளையில் கால் வைத்த குந்துகால் இதுவேயாகும்.) வில்லியம் ஹேஸ்டிங்ஸில் செய்ததையே இவனும் செய்தான் என்பதை மாணவர் கவனிக்க. கடல் கடந்து வந்த படைக்குப் பின்வாங்க நிலம் இல்லை. ஆதலால் முதலில் கரையில் ஒரு பிடி வேண்டும்.

போர் நெடுங்காலம் நீடித்தது. தமிழ்ச் சிற்றரசர் பலர் சிங்களத் தளபதியின் பக்கம் சேர்ந்து பட்டமும் பரிசும் பெற்றனர். காற்று மாறியபோது அவர்களுள் சிலர் குலசேகரனிடம் திரும்பினர். ஈழத்திலிருந்து ஜகத்விஜயன் என்னும் தளபதி துணைப் படையுடன் வந்தான். ஈற்றில் மதுரை வீழ்ந்தது. வீரபாண்டியன் முடி சூடினான். இவ்வெற்றியின் நினைவாகப் பராக்கிரமபாகு பாண்டுவிஜயம் என ஓர் ஊர் அமைத்துப் பிராமணருக்கு அளித்தான் என்று சூளவம்சம் கூறுகின்றது. அந்நூலில் கதை இத்துடன் வெற்றி முழக்கமாக நிறைவு பெறுகின்றது.

ஆனால் சோழ நாட்டுக் கற்கள் வேறு கதை சொல்லுகின்றன. தொண்டி, பாசிப் பகுதிகளில் ஈழப் படை முன்னேறியபோது சோழ நாட்டு மக்கள் நடுங்கினர். காஞ்சிபுரத்தை அடுத்த ஆர்ப்பாக்கத்துக் கல்வெட்டு அவ்வச்சத்தை அப்படியே காட்டுகின்றது. எதிரிலிசோழச் சம்புவராயன் என்னும் சிற்றரசன் உமாபதிதேவர் என்ற சைவ ஆசாரியரை அணுகிப் பகைப்படை அழியப் பூசை செய்யுமாறு வேண்டினான். அவர் இருபத்தெட்டு நாள் இடையறாது பூசை இயற்றினார். ஈழத் தளபதிகள் தோற்றனர் என்ற செய்தி வந்ததும் ஆர்ப்பாக்கம் என்னும் அவ்வூரே அவருக்குக் காணிக்கையாயிற்று.

பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டு இன்னும் கடுமையானது. நாடிழந்த குலசேகரன் சோழனிடம் அடைக்கலம் புகுந்தான். சோழத் தளபதி பல்லவராயன் ஈழப் படையை முறியடித்து, இலங்காபுரித் தண்டநாயகன் உள்ளிட்டோரின் தலைகளை மதுரைக் கோட்டை வாயிலில் அறைவித்தான். சூளவம்சம் புகழ்ந்து பேசிய அதே தளபதியின் முடிவு இது! அவன் பின்னர் என்ன ஆனான் என்பதைச் சூளவம்சம் கூறாது விடுகின்றது. அவ்வாறே ஈழப் படையின் தொடக்க வெற்றிகளை விரித்துரைக்கச் சோழக் கல்வெட்டுக்கு விருப்பமில்லை. இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால்தான் முழுக்கதையும் நமக்குக் கிடைக்கின்றது.

இனித்தான் உண்மையான விந்தை. தோல்வியைப் பொறாத பராக்கிரமபாகு ஊராத்துறை, மாதோட்டம் முதலிய துறைகளில் மீண்டும் கப்பல்களையும் படைகளையும் திரட்டினான். (ஊராத்துறையே நாம் இன்று ஊர்காவற்றுறை என வழங்குவது.) இதை அறிந்த சோழர் ஈழத்தின் மீதே படையெடுத்தனர். அப்படையுடன் வந்தவன் யார்? பராக்கிரமபாகுவின் மருமகனும், ஈழ அரியணைக்கு உரிமை கோரியவனுமாகிய சீவல்லவன்! இங்கிலாந்திலும் ஹரல்டின் உடன்பிறந்த தம்பி டொஸ்டிக் நோர்வே அரசனின் படையுடன் சேர்ந்து தமையனை எதிர்த்தான் அல்லவா? அரியணை என்று வந்துவிட்டால் உறவும் இல்லை, ஊரும் இல்லை.

ஈழத்துத் துறைகள் அழிவுற்றதைக் கண்ட பராக்கிரமபாகு தந்திரத்தை மாற்றினான். நேற்றுவரை எதிர்த்த குலசேகரனையே மதுரைக்கு அரசனாக ஏற்றுக்கொண்டு, அவனுக்குப் பரிசில்கள் அனுப்பி நட்புப் பூண்டான். சோழர் தயவால் முடி பெற்ற குலசேகரனும் சோழரைக் கைவிட்டான். மதுரை வாயிலில் அறையப்பட்டிருந்த ஈழத் தளபதிகளின் தலைகளை அகற்றச் செய்தான். சினங்கொண்ட சோழன் அவனை நீக்கி அரியணை ஏற்றியது யாரை? ஈழப் படை முன்பு முடி சூட்டிய அதே வீரபாண்டியனை! இதனைத் திருவாலங்காட்டுக் கல்வெட்டால் அறிகின்றோம். பின்னர் 1178இல் சோழ அரியணை ஏறிய மூன்றாம் குலோத்துங்கன் அந்த வீரபாண்டியனையும் அகற்றி விக்கிரம பாண்டியனுக்கு மதுரையை அளித்தான்.

இந்த வரலாற்றைத் தமிழர்க்கும் சிங்களவர்க்கும் நடந்த இனப்போர் என்று மேடையில் முழங்குவோர் இரு திறத்தாரிலும் உண்டு. அன்னோர் இதனை ஊன்றிப் படித்ததில்லை. பாண்டியனுக்காகச் சிங்களப் படை போரிட்டது. அப்படையோடு தமிழ்ச் சிற்றரசர் சேர்ந்து நின்றனர். சோழப் படையோடு சிங்கள அரச குமாரன் வந்தான். தமிழரே தமிழரை எதிர்த்தனர். சோழனுக்கு வேண்டியது தன் சொற்கேட்கும் பாண்டியன்; பராக்கிரமபாகுவுக்கு வேண்டியதும் அதுவே. சோழர் பொலன்னறுவையைத் தம் கோநகராக்கி ஆண்டதும், 1070இல் முதலாம் விஜயபாகு அதனை மீட்டதும் அவன் காலத்தில் பழங்கதையாகிவிடவில்லை. மதுரை முழுவதும் சோழன் கைக்குள் போனால் நாளை தன் கரைக்கு ஆபத்து என அவன் கருதியிருத்தல் இயல்பே.

முடிவில் வென்றவர் யார்? 1215இல் மாகன் படையெடுத்து வர, பொலன்னறுவையின் பெருமை குலைந்தது. இரு பேரரசுகளும் பந்தாடிய பாண்டிய நாடோ பதின்மூன்றாம் நூற்றாண்டில் தலைநிமிர்ந்து, சோழரையே கீழ்ப்படுத்தியது; 1279 அளவில் சோழப் பேரரசு மறைந்தது. அதன்பின் பாண்டியன் அனுப்பிய ஆரியச்சக்கரவர்த்தி யாப்பகுவைக்கு வந்து புனித தந்தத்தைக் கவர்ந்து சென்றான். அதனை மீட்கச் சிங்கள மன்னனே பாண்டியனிடம் நேரிற் சென்று நயந்து பேச வேண்டியதாயிற்று.

வினாவெழுப்பிய மாணவன் இதைக் கேட்டுச் சிறிது நேரம் மௌனமாயிருந்தான். பிறகு, "அப்படியானால் நாம் யாருடைய வெற்றியைக் கொண்டாடுவது, ஐயா?" என்றான். அதற்கு நான் விடை கூறவில்லை. துறைகள் எரிந்தபோது ஊராத்துறையிலும் மாதோட்டத்திலும் வாழ்ந்த மக்கள் யாருடைய வெற்றியைக் கொண்டாடியிருப்பர் என்று எண்ணிப் பார்க்குமாறு மட்டும் சொன்னேன். அவர்களுடைய பெயர்களைச் சூளவம்சமும் எழுதவில்லை. சோழக் கல்வெட்டும் பொறிக்கவில்லை.