வாசற்படியில் நிற்கும் துப்பறிவாளன்

"ஏஞ்சல்" என்ற பெயரைக் கேட்டதும் வெள்ளை உடையும் சிறகுகளும்தான் மனதில் தோன்றும். நான் எழுதப்போகும் ஏஞ்சல் நீளமான கறுப்புக் கோட்டு அணிந்தவன். இரத்தம் குடித்து உயிர் வாழும் காட்டேரி. (உயிர் வாழும் என்பது பிழை. கதைப்படி அவன் 1753 ஆம் ஆண்டிலேயே இறந்துவிட்டான்.) அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் துப்பறியும் நிலையம் நடத்தி, உதவி தேடி வருபவர்களைக் காப்பாற்றுவது அவனுடைய வேலை.

நான் பிறப்பதற்கு முன்பே முடிந்துபோன தொலைக்காட்சித் தொடர் இது. நானா சேர்த்து வைத்திருந்த டிவிடிகளில் கிடந்ததை ஒரு விடுமுறையில் எடுத்துப் பார்த்தேன். "பேய்ப்படம் பார்த்துப்போட்டு இரவைக்கு என்னைக் கூப்பிடக்கூடாது" என்று சொன்ன உம்மாவும் இரண்டாம் நாளே பக்கத்தில் வந்து அமர்ந்துவிட்டார். இறைச்சிக் கடையில் வாங்கிய பன்றி இரத்தத்தை அவன் குவளையில் ஊற்றிக் குடித்தபோது மட்டும் எழுந்து குசினிக்குப் போனார்.

"ஏஞ்சல்" ஒரு கிளைத் தொடர். ஒரு தொடரில் வந்த துணைப் பாத்திரம் மக்களுக்குப் பிடித்துவிட்டால், அதைப் பிரித்தெடுத்துத் தனித் தொடராக்குவார்கள். தாய்த் தொடரின் பெயர் "பஃபி த வம்பயர் ஸ்லேயர்". காட்டேரிகளை அழிக்கப் பிறந்த பாடசாலை மாணவி ஒருத்தியின் கதை அது. 1997 மார்ச்சில் தொடங்கியது. அதில் அந்த மாணவியின் அன்புக்குரியவனாக வந்த ஏஞ்சல், மூன்றாம் பருவத்தின் முடிவில் அவளை விட்டுப் பிரிந்து போகிறான். 1999 ஒக்டோபர் 5 இல் அவனுக்கென்று தனித் தொடர் ஆரம்பமானது. உருவாக்கியவர்கள் ஜோஸ் வீடன், டேவிட் கிரீன்வோல்ட். நடித்தவர் டேவிட் போரியானஸ். ஐந்து பருவங்கள், 110 அத்தியாயங்கள் ஓடி, 2004 மே மாதம் முடிந்தது. பாடசாலையிலிருந்து பெருநகரத்துக்கு வந்ததில் கதையின் வயதும் கூடிவிட்டது. பஃபிக்குப் பரீட்சையும் தோழிகளும் பிரச்சினை. ஏஞ்சலுக்கு வாடகையும் தனிமையும் பழைய பாவங்களும் பிரச்சினை.

பாவங்கள் என்று சும்மா சொல்லவில்லை. அயர்லாந்தின் கோல்வே என்ற ஊரில் 1727 இல் பிறந்த லியம் என்ற இளைஞன், குடியும் ஊர்சுற்றலுமாகத் திரிந்து டார்லா என்ற காட்டேரியிடம் கடிபட்டான். அதன்பின் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டாக ஐரோப்பாவையே நடுங்க வைத்தான். 1898 இல் அவன் கொன்ற ஒரு பெண்ணுக்காக அவளுடைய ரோமா இனத்தவர்கள் பழிவாங்கினார்கள். அவனைக் கொல்லவில்லை. அவனுடைய ஆன்மாவைத் திருப்பிக் கொடுத்தார்கள். செய்த கொலைகள் எல்லாம் நினைவில் இருக்க, மனச்சாட்சி மட்டும் புதிதாக வந்தால் எப்படி இருக்கும்? அதுதான் தண்டனை. ஒரு நொடியாவது முழு மகிழ்ச்சி அடைந்தால் ஆன்மா மறுபடியும் போய்விடும் என்றும் ஒரு நிபந்தனை உண்டு. பஃபியை விட்டு அவன் விலகியதற்கு அதுவும் ஒரு காரணம்.

துப்பறிவாளனாக அவனுக்குள்ள இடைஞ்சல்கள் சுவையானவை. வெயில் பட்டால் எரிந்துவிடுவான். பகலில் நகரத்தின் கழிவுநீர்ச் சுரங்கங்கள் வழியாகத்தான் போகவேண்டும். கண்ணாடியில் அவனுடைய உருவம் தெரியாது. மூச்சு இல்லாதபடியால் மயங்கியவருக்கு வாயால் மூச்சுக் கொடுக்கவும் முடியாது. இந்த விதிகள் எல்லாம் தொடருக்காகவே புதிதாகச் செய்தவை அல்ல. பிராம் ஸ்டோக்கர் 1897 இல் வெளியிட்ட "டிராகுலா" நாவலிலேயே கண்ணாடியில் தெரியாமை உண்டு. ஆனால் அந்த டிராகுலா பகலிலும் நடமாடுவான், சக்திதான் குறைந்திருக்கும். சூரிய வெளிச்சத்தில் அழிந்துபோவது 1922 இல் வந்த "நொஸ்ஃபெராட்டு" என்ற ஜேர்மன் மௌனப் படம் தந்த வழக்கம்.

நாவலிலிருந்து வந்த இன்னொரு விதி இருக்கிறது. வீட்டில் இருப்பவர் "உள்ளே வா" என்று அழைக்காமல் காட்டேரி வாசற்படியைத் தாண்ட முடியாது. நம்முடைய வீடுகளிலும் ஸலாம் சொல்லி அனுமதி கேட்டுத்தான் உள்ளே போகிறோம். ஏஞ்சலுக்கோ அது மரியாதை இல்லை, தெரியாத சுவர். இந்தத் தொடரை மற்றப் பேய்க்கதைகளிலிருந்து உயர்த்துவது, இந்த ஒரு விதியைக் கதாசிரியர்கள் பயன்படுத்திய விதம்தான் என்று நினைக்கிறேன்.

2000 ஆம் ஆண்டில் வந்த "த புரொடிகல்" என்ற அத்தியாயத்தை எடுத்துக்கொள்வோம். அதில் லியமின் பழைய வீட்டைக் காட்டுகிறார்கள். மகன் எதைச் செய்தாலும் தகப்பனுக்குக் குறை. மகனும் அந்தக் குறையை உண்மையாக்கிக் காட்டுவதிலேயே பிடிவாதமாக இருக்கிறான். ஒரு நாள் வாய்த்தர்க்கம் முற்றி வீட்டைவிட்டுப் போகிறான். அன்றுதான் கடிபடுகிறான். புதைகுழியிலிருந்து எழுந்து திரும்பி வரும்போது தகப்பன் யன்னல்களை எல்லாம் பலகை வைத்து அடித்திருக்கிறார். ஆனால் அவனை உள்ளே அழைத்தது அவனுடைய சின்னத் தங்கை. இறந்துபோன நானா வானவராகத் திரும்பி வந்துவிட்டார் என்று அவள் நம்பிவிட்டாள். குடும்பத்தில் ஒருவரும் மிஞ்சவில்லை. ஜெயித்துவிட்டதாகப் பெருமை பேசிய அவனிடம் டார்லா சொல்வதன் கருத்து இது: நீ அவரைத் தோற்கடித்தது ஒரு கணம், அவர் உன்னைத் தோற்கடித்தது பல ஆயுட்காலங்களுக்கு நிற்கும். இனி எத்தனை நூற்றாண்டு வாழ்ந்தாலும் "நீ நல்லவன்தான்" என்று சொல்ல அந்தத் தகப்பன் இல்லை.

அதே அத்தியாயத்தில் கேட் லொக்லி என்ற பெண் பொலிஸ் அதிகாரியும் வருகிறாள். அவளுடைய தகப்பனும் ஓய்வுபெற்ற பொலிஸ்காரர், அன்பை வாய்விட்டுச் சொல்லத் தெரியாதவர். தவறான ஆட்களோடு தொடர்பு வைத்த அவரைக் கொல்லக் காட்டேரிகள் வருகின்றன. யாரென்று தெரியாமல் அவரே அவர்களை உள்ளே விட்டுவிடுகிறார். காப்பாற்ற ஓடிவந்த ஏஞ்சல் வாசலில் நின்று தன்னை அழைக்கும்படி கெஞ்சுகிறான். உள்ளே நடப்பதெல்லாம் அவனுக்குத் தெரிகிறது. கால் வைக்க முடியவில்லை. திடீரெனத் தடை நீங்கி அவன் உள்ளே விழுகிறான். தடை நீங்கியதற்குக் காரணம், வீட்டுக்குரியவர் இறந்துவிட்டார். அந்தக் காட்சிக்குப் பிறகு உம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

தொடரில் எல்லாமே இப்படி உயர்ந்த தரம் என்று சொல்லமாட்டேன். நான்காம் பருவம் எனக்குப் பெரிய சிக்கலாகத்தான் பட்டது. சில பூதங்களின் வேஷம் சிரிப்பை வரவழைக்கும். வளர்ந்தவர்களுக்கான காட்சிகளும் உண்டு என்பதால் தம்பி தங்கைகளை வைத்துக்கொண்டு பார்க்கக் கூடாது. ஆனால் "வொல்ஃப்ரம் அன்ட் ஹார்ட்" என்ற சட்டத்தரணிகள் நிறுவனத்தைத் தீமையின் தலைமையகமாக வைத்தது நல்ல யோசனை. அங்கே தீமை கோட் சூட் போட்டு, ஒப்பந்தங்களில் கையெழுத்து வாங்குகிறது.

இரண்டாம் பருவத்தில் அந்த நிறுவனத்தை அடியோடு அழிக்க நினைத்து ஏஞ்சல் நண்பர்களை எல்லாம் விலக்கிவிட்டுத் தனியே போகிறான். தலைமையகத்துக்குப் போகும் மின்தூக்கியில் ஏறுகிறான். ஏற்கெனவே இறந்துபோன ஒரு சட்டத்தரணி துணைக்கு வருகிறார். மின்தூக்கி கீழே, கீழே என்று போகிறது. நரகத்தில் போய் நிற்கும் என்று நாங்கள் காத்திருந்தோம். கதவு திறந்தால் அவன் புறப்பட்ட அதே தெரு, அதே மனிதர்கள். தீமை மனிதர்களின் உள்ளத்தில் இருக்கும்வரை எங்கள் நிறுவனமும் இருக்கும் என்கிறார் அவர்.

அதைக் கண்டு மனம் வெறுத்துப்போன ஏஞ்சல், கேட்டின் தொலைபேசி அழைப்பைக்கூடப் பொருட்படுத்தவில்லை. அவளோ அன்றுதான் வேலையை இழந்து, உயிரை மாய்த்துக்கொள்ளத் துணிந்திருந்தாள். பிந்தியாவது அவனுக்குப் புத்தி வருகிறது. ஓடிப்போய்க் கதவை உடைத்து அவளைத் தூக்கி எடுக்கிறான். உலகத்தைத் திருத்தும் பெரிய வெற்றி ஒன்று இல்லாவிட்டாலும், இப்போது கைக்கெட்டும் தூரத்தில் துன்பப்படுகிற ஒருவருக்கு உதவுவதே தனக்குப் போதும் என்று பிறகு அவளிடம் சொல்கிறான். கேட் அமைதியாகக் கேட்டுவிட்டு, தனக்கும் ஒரு நம்பிக்கை பிறந்திருக்கிறது என்கிறாள். ஏனென்றால் அவள் அவனை ஒருபோதும் தன் வீட்டுக்குள் அழைத்ததில்லை.

அவன் எப்படி உள்ளே வந்தான் என்று நானும் உம்மாவும் அடுத்த அத்தியாயங்களில் தேடிப் பார்த்தோம். தொடர் அதை விளக்கவே இல்லை. கேட்டும் அதற்குப் பிறகு வரவில்லை.