கலவனாய்ப் பதிந்த தாளம்

கருவாடும் கொப்பராவும் விற்கிறவனுக்கு ஸ்டூடியோவில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கக்கூடும். என் தங்கையின் மகன் வீட்டின் பின்னறையை ஒலிப்பதிவு அறையாக மாற்றியபோது முதல் போட்டவன் நான். முதல் போட்டவனுக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டல்லவா? இசை கூடுமா, கூடாதா என்பது உலமாக்கள் பேச வேண்டிய விடயம். இந்தப் பத்தி போட்ட காசு திரும்பி வருமா என்பதை மட்டுமே பேசும்.

ஒரு நோன்புப் பெருநாள் காலத்தில் புடவைக் கடையொன்றிலிருந்து விளம்பர ஓடர் வந்தது. வாகனத்தில் ஸ்பீக்கர் கட்டி ஊர் ஊராகப் போடுவதற்கு. மருமகன் நல்ல பிள்ளை, கைத்தொழிலும் தெரிந்தவன். ட்ரம் மெஷினில் தாளம் அமைத்து, மேலே குரலைப் பதிந்து, இறுவட்டில் கொடுத்தான். அறையில் கேட்கும்போது அருமையாகத்தான் இருந்தது. வாகனத்தில் ஏற்றியதும் கதை மாறியது. ‘டும்’ என்ற அடி காணாமல் போய்விட்டது. ‘சிக் சிக்’ என்ற சிலம்பல் மட்டும் காதைக் குத்தியது. “கடையின் பெயரே விளங்கவில்லை நானா” என்று முதலாளி என்னிடம் வந்து முறையிட்டார்.

சரி, அந்தச் சிலம்பலைக் குறைத்துக் கொடு என்றேன். முடியாது மாமா என்றான். மெஷினின் அத்தனை ஒலியும் ஒரே பதிவாகக் கம்பியூட்டருக்குள் போயிருந்தது. சிலம்பலைக் குறைத்தால் குரலுக்குத் துணை நின்ற கைதட்டலும் சேர்ந்து மங்குகிறது. தாளத்தைத் திரும்பப் பதியலாம் என்றால், மெஷினில் அதை அழித்து வேறொரு வேலைக்கு அமைத்துவிட்டான். ஓடர் கொழும்புக்குப் போனது. முற்பணத்தையும் திருப்பிக் கொடுத்தோம்.

கற்பிட்டிப் பக்கம் கருவாடு வாங்குகிறவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. கட்டா வேறு, நெத்தலி வேறு என்று பிரித்துக் கட்டினால் ஒவ்வொன்றுக்கும் அதனதன் விலை கிடைக்கும். கலவனாய்ச் சாக்கில் போட்டால் உள்ளதில் மட்டமானதன் விலைதான். அதிலும் கருவாட்டைச் சாக்கைக் கொட்டிப் பிரித்தெடுக்கலாம். ஒன்றாய்ப் பதிந்த ஒலியை முழுச் சுத்தமாய்ப் பிரிப்பது இன்றைக்கும் கஷ்டம். பிரித்துத் தரும் மென்பொருட்கள் இப்போது வந்திருக்கின்றன. ஆனால் அப்படிப் பிரித்ததில் ஒன்றின் மிச்சம் மற்றதில் ஒட்டிக்கொண்டிருப்பதை என் வயதான காதே கண்டுபிடிக்கிறது.

ஆகவே ஒவ்வொரு ஒலியையும் தனித்தனி ட்ரெக்கில் பதிய வேண்டும். பெரிய ட்ரம்முக்கு ஒன்று, ஸ்னேருக்கு ஒன்று, கைதட்டலுக்கு ஒன்று, றபான் ஒலிக்கு ஒன்று. இது புதிய யோசனையுமல்ல. ஜப்பானின் ரோலண்ட் கம்பனி 1980இல் விற்பனைக்கு விட்ட டீஆர்-808 மெஷினின் முதுகிலேயே பெரும்பாலான ஒலிகளுக்குத் தனி வெளிவழிகள் இருந்தன. அப்போது அந்த மெஷின் எதிர்பார்த்தபடி ஓடவில்லை. ஏறத்தாழ 12,000 செய்து 1983இல் நிறுத்திவிட்டார்கள். பம்பாயில் சரண்ஜித் சிங் என்ற வாத்தியக்காரர் 1982இல் அதை வைத்து இராகங்களை வாசித்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அதையும் அன்று யாரும் பெரிதாக வாங்கவில்லை. இன்று அந்த மெஷினும் பெருவிலை, அந்தத் தட்டின் பழைய பிரதியும் பெருவிலை. கிடப்பில் கிடந்த சரக்குக்கு இப்படியொரு காலம் வருவதை வியாபாரத்தில் அபூர்வமாகத்தான் பார்க்கிறோம்.

தனி வெளிவழி உள்ள மெஷின் கையிலிருந்தால் வேலை சுலபம். வெளிவழிக்கு ஒரு வயர், வயருக்கு ஒரு ட்ரெக். பல மெஷின்களில் தனி வழியில் வயரைச் செருகியதும் அந்த ஒலி பொது வழியிலிருந்து தானாக நீங்கிவிடும். ஏதோ பழுதென்று பயந்து கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம்.

நம் பக்கத்துப் பிள்ளைகளிடம் உள்ள மலிவான மெஷின்களிலும் கீபோர்ட்களிலும் இடது, வலது என்று இரண்டு வழிதான். அதிலும் இரண்டிரண்டாய்ப் பிரிக்க வழியுண்டு. பெரிய ட்ரம்மை முழுக்க இடப்பக்கமும் ஸ்னேரை முழுக்க வலப்பக்கமும் தள்ளி, மற்றவற்றை மௌனமாக்கி, இரண்டு தனி ட்ரெக்காகப் பதியுங்கள். அடுத்த முறை வேறு இரண்டு. 4 நிமிடப் பாட்டில் 8 ஒலி என்றால் 4 முறை ஓட வேண்டும். 16 நிமிடம். எங்கள் புடவைக் கடை ஓடர் போனது இந்த 16 நிமிடத்தை மிச்சம் பிடிக்கப் போய்த்தான்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஒவ்வொரு முறையும் மெஷினைக் கையால் தட்டித் தொடங்கினால் தொடக்கம் ஒன்றாக வராது. தொடக்கம் சரியாக அமைந்தாலும், மெஷினின் மணிக்கூடும் கம்பியூட்டரின் மணிக்கூடும் மயிரிழை வேறுபடுவதால் பாட்டு முடியும்போது அடிகள் இரட்டை இரட்டையாய் விழக்கூடும். இதற்குத்தான் மிடி வயர். 1983இல் வந்த ஏற்பாடு. அது ஒலியைக் கடத்துவதில்லை. எப்போது தொடங்கு, எந்த வேகத்தில் போ என்ற கட்டளையை மட்டும் கடத்தும். கம்பியூட்டரை முதலாளியாகவும் மெஷினை வேலையாளாகவும் வைத்துக்கொண்டால் ஒவ்வொரு ஓட்டமும் ஒரே வேகத்தில் போகும். அப்படியும் முதல் அடியைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்து, விலகியிருந்தால் நகர்த்திவிட வேண்டும்.

எல்லாவற்றையும் பிரிக்கவும் கூடாது. ஹைஹெட் என்ற தாளத்தட்டில் திறந்த ஒலி, மூடிய ஒலி என்று இரண்டு உண்டு. மூடிய ஒலி வந்ததும் திறந்த ஒலியின் நீட்டம் அறுபட வேண்டும். மெஷினும் அப்படித்தான் செய்கிறது. இரண்டையும் வெவ்வேறு ஓட்டத்தில் பதிந்தால் அறுபடாமல் இழுத்துக்கொண்டே போகும். அந்த இரண்டும் ஒரே ட்ரெக்கில் இருக்கட்டும்.

மெஷினிலுள்ள எதிரொலியை நிறுத்திவிட்டுப் பதியுங்கள். பிறகு கம்பியூட்டரில் வேண்டிய அளவு போடலாம். பதிந்ததைக் கழற்ற முடியாது. வொலியூமையும் சிவப்புக்கோடு வரை ஏற்றாமல் கொஞ்சம் கீழே வையுங்கள்.

தனித்தனியாய் இருந்தால் மிக்ஸிங்கில் என்ன இலாபம்? அன்று வாகனத்தில் நடந்ததையே எடுத்துக்கொள்ளுங்கள். குழாய் ஸ்பீக்கரில் அடித்தொனி ஏறாது. அது அதன் அமைப்பு. எவ்வளவு கூட்டினாலும் ‘டும்’ கேட்காது. பெரிய ட்ரம் தனி ட்ரெக்கில் இருந்திருந்தால், அதன் அடித்தொனியை வெட்டி, தோலில் தடி படும் ‘டக்’ என்ற பகுதியைத் தூக்கியிருக்கலாம். ஹைஹெட்டைப் பாதியாகக் குறைத்து, கடையின் பெயர் வரும் இடத்தில் முழுக்க நிறுத்தியும் இருக்கலாம். இவ்வளவும் 10 நிமிட வேலை. அதே விளம்பரம் வானொலிக்குப் போனால் வேறு மிக்ஸிங், கைத்தொலைபேசிக்குப் போனால் வேறு. தாளத்தைத் திரும்பப் பதியத் தேவையில்லை.

இவ்வளவும் மெஷின் தாளத்துக்குச் சொன்னது. புத்தளம் சிராம்பியடியில் ஆப்பிரிக்க வம்சாவளியினர் மஞ்சா பாடுவதைக் கேட்டிருப்பீர்கள். றபானும் சிரட்டையும் போத்தலும் கூடி எழுப்பும் தாளம் அது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, மெதுவாகத் தொடங்கி வேகம் கூட்டிக்கொண்டு போவார்கள். அவர்களை ஒவ்வொருவராய் அறையில் அடைத்துப் பதிந்தால் அந்த வேகம் பிறக்காது. அங்கே மைக்கை எங்கே வைப்பது என்பதுதான் தொழில். மெஷினுக்கு முகம் பார்க்கும் பழக்கம் இல்லாததால் அதைத் தாராளமாகப் பிரிக்கலாம்.

இடம் போதாது என்று மருமகன் ஆரம்பத்தில் சாக்குச் சொன்னான். கணக்குப் போட்டுக் காட்டச் சொன்னேன். 24 பிட் தரத்தில் ஒற்றை ட்ரெக் நிமிடத்துக்கு ஏறத்தாழ 8 மெகாபைட். 4 நிமிடம், 8 ட்ரெக் என்றால் 250 மெகாபைட் சொச்சம். இன்றைய விலையில் அது ஒரு பிளேன்டீக் காசும் வராது. ட்ரெக்குகளுக்குப் பெயரிட்டு இரண்டு இடத்தில் வைக்கிறான் இப்போது. பாடசாலை விளையாட்டுப் போட்டிக்குச் செய்த பாட்டொன்றை மறுவருடம் ட்ரம் இல்லாமல் றபானுடன் மட்டும் கேட்டு வந்தார்கள். அரை மணித்தியாலத்தில் கொடுத்துவிட்டு, புதிய பாட்டின் பாதி விலையை வாங்கினான். வந்தவர்களுக்கும் அது மலிவு.