வீட்டு வேலையும் பச்சை ஸ்டிக்கரும்: எதை வாங்கணும், எதை உடைக்கக் கூடாது?

(ஒலிபரப்பான எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

பழைய வீட்டைப் புதுப்பிக்கும்போது சுற்றுச்சூழலைக் கெடுக்காத பொருளா எப்படிப் பார்த்து வாங்குறது? இன்னைக்கு அதைத்தான் பேசப்போறோம். பொதுவா பேசினா பட்டியல் மாதிரி ஆயிடும். அதனால எங்க வீட்டுக் கதையை வச்சே சொல்றேன்.

சென்னையில 1986-ல அப்பா கட்டின தனி வீடு. ஒரே தளம், மேல மொட்டை மாடி. வளைகாப்பு முடிஞ்சு அக்கா பிரசவத்துக்கு வரப்போறா. அவ வர்றதுக்கு முன்னாடி, ஒன்பது வாரத்துக்குள்ள, ஒரு ரூமை சரி பண்ணணும், உள்ளேயே ஒரு பாத்ரூம் கட்டணும், வீடு முழுக்க பெயின்ட் அடிக்கணும். பிறந்த குழந்தை தூங்கப்போற ரூம். அதனால எனக்கு இது வெறும் 'பூமியைக் காப்போம்' விஷயமா இல்ல. அந்த ரூம் காத்துல என்ன இருக்கும்ங்கிற கேள்வி.

முதல்ல தரை

மேஸ்திரி வந்து பார்த்த உடனே சொன்னார்: "தம்பி, இந்த மொசைக்கை உடைச்சுட்டு டைல்ஸ் போட்டுருவோம். பளிச்சுனு இருக்கும்." அப்பாவும் தலையாட்டிட்டார். நான் ஒரு கணக்கு போட்டேன். 600 சதுர அடி தரை, அடியில இருக்கிற கலவையோட சேர்த்து 2 இன்ச் கனம்னு வச்சுக்கிட்டாலே, உடைச்சா கிட்டத்தட்ட 6 டன் ரப்பீஷ். அது ஏதோ ஒரு ஏரிக்கரையில போய்தான் விழும். புது டைல்ஸ் வேற. 1,200 டிகிரி சூட்டுக்குப் பக்கத்துல சூளையில வேகிற பொருள். நம்ம கடைகளுக்கு நிறைய வர்றது குஜராத்ல இருக்கிற மோர்பியிலிருந்து, 1,500 கிலோமீட்டருக்கு மேல லாரியில.

மொசைக்னா என்ன? சிமென்ட்ல சலவைக்கல் சில்லு பதிச்சது. மேல் பரப்புதான் அழுக்கேறி மங்கியிருக்கும். மெஷின் வச்சு தண்ணி விட்டு லேசா தேய்ச்சு எடுத்தா, உள்ள இருக்கிற கல் புதுசா தெரியும். விரிசல் இருந்த இடத்துல அதே நிறத்துல கலவை வச்சு அடைச்சாங்க. நாலே நாள். டைல்ஸுக்குச் சொன்ன தொகையில பாதிகூட ஆகல. முதல் நாள் ஒரு மூலையை மட்டும் தேய்ச்சுக் காட்டினதும் அப்பா சொன்னது: "டேய், நான் போட்ட அன்னைக்கு இப்படித்தான்டா இருந்துச்சு."

இதுதான் இந்த எபிசோடோட முதல் பாடம். ஏற்கெனவே வீட்டுல இருக்கிற பொருள்தான் பெரும்பாலும் ரொம்பப் பசுமையான பொருள். அதைத் தயாரிச்ச புகை எப்பவோ போயிடுச்சு. உடைச்சா மறுபடியும் முதல்லேருந்து ஆரம்பிக்கணும்.

சுவருக்கு என்ன கல்?

புது பாத்ரூம் சுவருக்கு மூணு சாய்ஸ். சேம்பர் செங்கல்: வண்டல் மண்ணை எடுத்து, சூளையில சுடுறது. ஃப்ளை ஆஷ் கல்: அனல் மின் நிலையத்துச் சாம்பலோட மணல் துகள், சுண்ணாம்பு இல்லனா சிமென்ட் சேர்த்து அழுத்தி, தண்ணி ஊத்திக் காயவைக்கிறது. சுடுறதே இல்ல. மூணாவது ஏ.ஏ.சி. பிளாக்: உள்ள காத்துக் குமிழ் நிறைஞ்ச கல். எடை செங்கல்லுல சுமார் மூணுல ஒரு பங்குதான்.

நாங்க எடுத்தது ஃப்ளை ஆஷ் கல். தரைத்தளம், எடை பிரச்சினை இல்ல. பக்கத்துலயே கிடைச்சுது. நீங்க அபார்ட்மென்ட்ல மூணாவது மாடியில தடுப்புச் சுவர் எழுப்புறீங்கன்னா ஏ.ஏ.சி. யோசிக்கலாம், தளத்துக்கு பாரம் குறையும். ஆனா கீசர் மாதிரி கனமானதை மாட்டுறதுக்கு அதுக்குன்னே இருக்கிற ஆங்கர் வேணும். சாதா ஸ்க்ரூ நிக்காது.

சிமென்ட்லயும் ஒரு விஷயம் இருக்கு. சிமென்ட்டுக்குள்ள இருக்கிற கிளிங்கரைத் தயாரிக்க 1,450 டிகிரி வேணும். அதோட, சூடாகும்போது சுண்ணாம்புக்கல்லே கார்பன் டை ஆக்சைடை விடும். மொத்தப் புகையில பாதிக்கு மேல இந்தக் கல்லிலிருந்தே வருது. அதனால கிளிங்கர் எவ்வளவு குறையுதோ அவ்வளவு நல்லது. மூட்டையில 'பி.பி.சி.'னு போட்டிருந்தா அதுல 15 முதல் 35 சதவீதம் வரை சாம்பல் கலந்திருக்கும். கட்டு வேலை, பூச்சு வேலைக்குத் தாராளமா போதும். ஒரே நிபந்தனை, இது மெதுவாத்தான் இறுகும். 10 நாளாவது தண்ணி ஊத்தணும். அந்த வேலையை அம்மா யாரையும் நம்பி விடல. காலையும் சாயங்காலமும் அவங்களே பைப்பை எடுத்துட்டு நின்னாங்க.

பெயின்ட்: நான் பயந்த இடம்

எல்லாரும் புது பெயின்ட்டைப் பத்திக் கேப்பாங்க. நான் பயந்தது பழைய பெயின்ட்டுக்கு. இந்தியாவுல வீட்டு பெயின்ட்ல ஈயம் 90 பி.பி.எம். தாண்டக் கூடாதுங்கிற விதி 2016-ல வந்து, 2017 நவம்பர்லதான் நடைமுறைக்கு வந்துச்சு. எங்க ஜன்னல் கிரில், கதவுல இருக்கிறது 1986 எனாமல், மேல மேல நாலஞ்சு கோட். அதுல ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். உள்ள போற ஈயத்தைப் பெரியவங்களைவிடக் குழந்தைங்க உடம்பு 4 முதல் 5 மடங்கு அதிகமா உறிஞ்சும். ஈயத்துக்கு 'இவ்வளவு வரைக்கும் பரவால்ல'ன்னு ஒரு அளவே கிடையாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது.

இதை நான் முன்கூட்டியே பெயின்ட்டர்கிட்ட சொல்லியிருக்கணும். சொல்லல. ஒருநாள் ஆபீஸ் முடிஞ்சு வந்து பார்த்தா, அந்த ரூம் கிரில்லை உப்புத்தாள் வச்சு வறட்டுத் தேய்ப்பு தேய்ச்சு, தரையெல்லாம் பச்சைத் தூள். அவர் மேல தப்பு இல்ல, முப்பது வருஷமா அப்படித்தான் செய்றார். அதே தூளை மாஸ்க் இல்லாம அவரும்தான் சுவாசிச்சிருக்கார். வேலையை நிறுத்தி, ஈரத்துணியால ரெண்டு தடவை எல்லாத்தையும் துடைச்சு, துணியைக் கவர்ல கட்டினோம். மிச்சத்துக்கு வாட்டர் பேப்பர், தண்ணி, மாஸ்க், கீழ பிளாஸ்டிக் ஷீட். பெயின்ட் உரியாம நல்லா ஒட்டியிருந்த கதவை அளவுக்கு மேல தேய்க்காம, மேலேயே அடிச்சோம்.

புதுசுக்கு சுவர்ல வி.ஓ.சி. குறைவான தண்ணி பெயின்ட் எடுத்தோம். 'வாசனை இல்ல'ன்னு டப்பாவுல எழுதியிருக்கிறதும் 'வி.ஓ.சி. குறைவு'ங்கிறதும் ஒண்ணு இல்ல. லிட்டருக்கு எத்தனை கிராம்னு எண் போட்டிருக்கான்னு பாருங்க.

அலமாரி

கார்பென்டர் சுவர் முழுக்க பிளைவுட் பெட்டி அடிக்கலாம்னார். ஆனா சுவருக்குள்ளயே கடப்பாக்கல் தட்டு இருக்கே! அதுக்கு முன்னாடி கதவு மட்டும் போட்டோம். கொஞ்சம் பிளைவுட்தான் தேவைப்பட்டுது. பிளைவுட்ல பிரச்சினை மரம் மட்டுமில்ல, ஒட்டுற பசை. அதுலேருந்து ஃபார்மால்டிஹைடு மெதுவா வெளியே வந்துட்டே இருக்கும். கடையில 'ஈ0' இல்லனா 'ஈ1' தரமான்னு கேளுங்க. வெட்டின ஓரத்தையெல்லாம் லிப்பிங் ஒட்டி மூடுங்க. முடிச்சதும் ஜன்னலைத் திறந்து வச்சு காத்தாட விடுங்க. நாங்க மூணு வாரம் விட்டோம்.

மொட்டை மாடி

குழந்தை பிறக்கிறது கத்திரி வெயில்ல. தட்டோட்டு விரிசலை அடைச்சிட்டு, ஊறவச்ச சுண்ணாம்புல பசை கலந்து ரெண்டு கோட் வெள்ளை அடிச்சோம். வெயிலை அது திருப்பி அனுப்பிடும், தளம் அவ்வளவு சூடேறாது. மழையில கரையும், வருஷா வருஷம் அடிக்கணும். அடிக்கும்போது கண்ணுல படாம பார்த்துக்கோங்க.

எல்லாம் பச்சையாவா பண்ணினோம்? இல்ல. பாத்ரூம் வாட்டர்ப்ரூஃபிங்குக்கு சாதாரண கெமிக்கல்தான். அது ஒழுகினா அஞ்சு வருஷத்துல திரும்பவும் உடைக்கணும், அது அதைவிட மோசம். நீடிச்சு உழைக்கிறதும் ஒரு பசுமைதான்.

அதனால கடைக்குப் போறதுக்கு முன்னாடி நாலு கேள்வி: இதை உடைக்காம சரி பண்ண முடியுமா? எவ்வளவு தூரத்திலிருந்து வருது? எத்தனை வருஷம் உழைக்கும்? பக்கத்துல படுத்துத் தூங்குறவங்க எதைச் சுவாசிப்பாங்க? டப்பாவுல ஒட்டியிருக்கிற பச்சை இலைக்கு இதுல ஒண்ணுக்கும் பதில் தெரியாது.

அக்கா போன வாரம் வந்துட்டா. வந்ததும் செருப்பைக் கழட்டிட்டு மொசைக்ல கால் வச்சு, "அப்பாடா, குளுகுளுன்னு இருக்கு"ன்னா. அப்பா என்னைப் பார்த்தார். தரையை மாத்த வேணாம்னு முதல்லேருந்தே சொன்னது தான்தான்னு இப்போ எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருக்கார். சொல்லட்டும்.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம். உங்க வீட்டுல உடைக்காம காப்பாத்தின பொருள் ஏதாவது இருந்தா எனக்குச் சொல்லுங்க.