நம்ம ஆள் உடைத்தால் மண்குடம்!

ஆபீசுக்கு வந்த தபாலையெல்லாம் வீட்டுக்கு எடுத்துப் போய் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். மேனேஜர் கேட்டால், 'ஆபீஸ் சமாசாரத்தை மட்டும் நானே பொறுக்கித் தர்றேன் சார், மத்ததெல்லாம் என் சொந்த விஷயம்' என்று சொல்லிப் பாருங்கள். மறுநாள் மேஜை மேல் மெமோ இருக்கும்!

அமெரிக்காவில் ஹிலாரி கிளின்டன் ஏறக்குறைய இதைத்தான் செய்தார். 2009 முதல் 2013 வரை வெளியுறவு அமைச்சராக இருந்தபோது, அரசாங்க ஈ-மெயில் பக்கமே போகவில்லை. வீட்டிலேயே சொந்த சர்வர்! பிற்பாடு அரசாங்கம் கேட்டதும் சுமார் 30,000 மெயில்களைக் கொடுத்தார். 'பர்சனல்' என்று ஒதுக்கப்பட்டு அழிந்தவையும் கிட்டத்தட்ட அதே அளவு. 2016 தேர்தலில் குடியரசுக் கட்சிக்காரர்கள் 'பிடித்து உள்ளே போடு' என்று கோஷம் போட்டார்கள். எஃப்.பி.ஐ., 'ரொம்ப அலட்சியம்' என்று தலையில் குட்டிவிட்டு, வழக்கு வேண்டாம் என்றது.

சரி, கோஷம் போட்டவர்கள் மட்டும் யோக்கியமா? புஷ் ஆட்சியில் வெள்ளை மாளிகை அதிகாரிகள் பலர், கட்சியின் ஈ-மெயிலில் அரசாங்க வேலை பார்த்தது 2007-ல் அம்பலமானது. ஏராளமான மெயில்கள் அழிந்தும் போயிருந்தன. 'ரகசிய ஈ-மெயில் கணக்குகள்' என்று அப்போது மேடையில் சாடியவர் யார் தெரியுமோ? சாட்சாத் ஹிலாரியேதான்!

2016-ல் ஹிலாரியை விளாசிய மைக் பென்ஸ், இண்டியானா கவர்னராக இருந்தபோது சொந்த ஈ-மெயிலில் அரசாங்க விஷயம் எழுதியிருந்தார். அதில் திருடனும் புகுந்துவிட்டான்! 2025 மார்ச்சில் இன்னொரு கூத்து. ஏமன் மீது எத்தனை மணிக்குக் குண்டு போடப் போகிறோம் என்பதை மந்திரிமார்கள் 'சிக்னல்' அரட்டையில் பேசிக்கொண்டார்கள். தவறுதலாக ஒரு பத்திரிகை ஆசிரியரையும் அதில் சேர்த்துவிட்டார்கள். சில செய்திகள் தானாக அழியும்படி வேறு ஏற்பாடு! அன்று கோஷம் போட்டவர்கள் 'இதெல்லாம் ஒரு விஷயமா?' என்றார்கள். அன்று அப்படிச் சொன்னவர்கள் 'ராஜினாமா செய்!' என்றார்கள். நாடகம் அதேதான். வசனத்தை மட்டும் மாற்றிக்கொண்டார்கள்.

எல்லாத் தப்பும் ஒரே எடை இல்லைதான். ஆனால் அழிந்த மெயில் யாருடையது? ஜனங்களுடையது. நாளைக்கு 'யார் உத்தரவு போட்டது?' என்று கேட்டால் காட்டுவதற்கு அதுதான் வவுச்சர். சொந்த ஈ-மெயிலில் அரசாங்க விஷயம் எழுதினால், 20 நாளுக்குள் அரசாங்கக் கணக்குக்கு நகல் போகவேண்டும் என்று 2014-ல் சட்டமே போட்டார்கள்.

நான் பி.காம். வவுச்சர் இல்லாத செலவை எந்த ஆடிட்டரும் ஒப்புக்கொள்ள மாட்டார். செலவு செய்தது நம்ம ஆளா என்று பார்க்கவும் மாட்டார்.

அடுத்த தடவை இந்த மாதிரி நியூஸ் வந்தால், பெயரை விரலால் மறைத்துக்கொண்டு படியுங்கள். அப்பவும் கோபம் வந்தால் அது நியாயமான கோபம். பெயரைப் பார்த்த பிறகுதான் வந்தது என்றால்... அது கட்சிச் சந்தா, சார்!